வழக்கறிஞர் மேசையிலிருந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு: புனித அல்போன்ஸ் லிகோரி



ஞாயிறு திருப்பலி முடிந்து பங்கு அலுவலகத்தில் அமர்ந்திருக்கும்போது, கையில் ஒரு மஞ்சள் பையோடு யாராவது ஒரு பெரியவர் வந்து நிற்பதை எல்லாப் பங்குகளிலும் பார்க்கலாம். பைக்குள் பழைய பத்திரம், பட்டா, நீதிமன்றக் காகிதங்கள் எல்லாம் இருக்கும். அடுத்த வாரம் வாய்தா, சாமி செபம் பண்ணுங்க என்று கேட்பார். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. வக்கீலுக்குத்தான் தெரியும் என்பார். பரம்பரை வீட்டையும், பிள்ளைகளின் பங்கையும், தன் முதுமையின் நிம்மதியையும் சேர்த்து அந்தப் பையோடு இன்னொருவர் கையில் அவர் ஒப்படைத்திருக்கிறார். அந்த இன்னொருவர் காகிதத்தை ஒழுங்காக வாசிப்பாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகஸ்ட் 1ஆம் நாள் நாம் விழா கொண்டாடும் புனித அல்போன்ஸ் மரிய லிகோரி, அப்படிப்பட்ட காகிதங்களை வாசிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். நம் பங்கு மக்கள் அவரைச் சகாய மாதா பக்தியோடும், அவர் எழுதிய சிலுவைப்பாதை செபங்களோடும், அன்னை மரியாவைப் பற்றிய நூலோடும் சேர்த்தே அறிந்திருக்கிறார்கள். குருமடத்தில் படித்த நாங்கள் அவரை அறநெறி இறையியலின் ஆசிரியராக அறிந்தோம். ஆனால் அவர் குருவாவதற்கு முன் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நேப்பிள்ஸ் நகர நீதிமன்றங்களில் வாதாடியவர் என்பதையும், ஒரு காகிதத்தால் அவருடைய வாழ்வே திசை மாறியது என்பதையும், முதுமையில் இன்னொரு காகிதம் அவருக்குச் சிலுவையானது என்பதையும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த ஆண்டு அவருடைய வாழ்வை இந்த இரண்டு காகிதங்களின் வழியாகச் சற்றே தியானிப்போம்.

பதினாறு வயது வழக்கறிஞர்

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள மரியனெல்லாவில் 1696ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அல்போன்ஸ் பிறந்தார். தந்தை ஜுசெப்பே பிரபுக்குலத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி. கண்டிப்பானவர், அதே நேரத்தில் பக்தியுள்ளவர். தாய் அன்னா, பிள்ளைகளைச் செபத்தில் வளர்த்தவர். மூத்த மகனாகிய அல்போன்ஸ் மேல் தந்தைக்குப் பெரிய கனவு இருந்தது. வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துப் படிப்பித்தார். இசையும் கற்பித்தார். நாள்தோறும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தே ஆகவேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. இத்தாலிய மக்கள் இன்றும் கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடும் புகழ்பெற்ற பாடல் ஒன்றைப் பிற்காலத்தில் அவர் இயற்றினார் என்றால், அதற்கு வித்திட்டது அந்தச் சிறுவயது ஒழுங்குதான்.

சட்டப் படிப்பிலும் அவர் மிக வேகமாக முன்னேறினார். அன்றைய நேப்பிள்ஸில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற 20 வயதாகியிருக்க வேண்டும். அல்போன்ஸுக்குச் சிறப்பு விலக்கு தரப்பட்டு, 1713ஆம் ஆண்டு சனவரி மாதம், 16 வயதிலேயே, திருச்சபைச் சட்டம், நாட்டுச் சட்டம் ஆகிய இரண்டிலும் பட்டம் பெற்றார். பட்டமளிப்பு நாளில் அணிவிக்கப்பட்ட அங்கி அவருடைய சிறிய உருவத்துக்கு மிகவும் பெரிதாக இருந்ததால், அந்த அங்கிக்குள் அவர் காணாமல் போனதைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அந்தப் பெரிய அங்கிக்கு ஏற்றபடி அவர் வளர்ந்தார். மூத்த வழக்கறிஞர்களிடம் பயின்று, பின்னர் தாமே வழக்குகளை ஏற்று நடத்தினார். எட்டு ஆண்டுகளில் ஒரு வழக்கிலும் தோற்றதில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அதே நாட்களில், நேப்பிள்ஸின் தீராப் பிணியாளர் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளுக்குப் படுக்கை விரிப்பதும், உணவு ஊட்டுவதும், புண்களைக் கழுவுவதும் அவருடைய வழக்கமாக இருந்தது. காலையில் நீதிபதிகள் முன் நின்ற கைகள், மற்ற வேளைகளில் நோயாளிகளின் படுக்கையருகே இருந்தன. ஆண்டுதோறும் தியானம் செய்வதையும், நற்கருணை ஆண்டவரைச் சந்திப்பதையும் அவர் விட்டதில்லை.

தொழிலுக்கு அவர் வகுத்த ஒழுங்கு

வழக்கறிஞராக இருந்த காலத்தில் அல்போன்ஸ் தமக்கென்று பன்னிரண்டு விதிகளை வகுத்துக்கொண்டு நடந்தார் என்பது அவரைப் பற்றிய பழைய வரலாறு. அவற்றின் பொருளை நம் சொற்களில் பார்ப்போம்.

அநீதியான வழக்கை எடுக்கக்கூடாது, ஏனெனில் அது மனச்சான்றையும் கெடுக்கும், நற்பெயரையும் கெடுக்கும். நியாயமான வழக்கை எடுத்தாலும் அதைக் குறுக்கு வழியில் நடத்தக்கூடாது. கட்சிக்காரர் தலையில் தேவையற்ற செலவைக் கட்டக்கூடாது, கட்டினால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறருடைய வழக்கைத் தன் சொந்த வழக்கைப் போலவே அக்கறையோடு நடத்த வேண்டும். ஆவணங்களை நன்றாகப் படித்து, அவற்றிலிருந்தே வாதங்களை எடுக்க வேண்டும். தாமதத்தாலும் கவனக்குறைவாலும் கட்சிக்காரருக்கு இழப்பு நேரும், அந்த இழப்பை ஈடுசெய்யாவிட்டால் அது நீதிக்கு எதிரான பாவம். நீதியின் முதல் பாதுகாவலர் கடவுள் என்பதால் வழக்கிற்காக அவரிடம் மன்றாட வேண்டும்.

மேலும், தன் திறமைக்கும் உடல் வலிமைக்கும் நேரத்திற்கும் மீறி வழக்குகளை அள்ளிக்கொள்பவர் நல்ல வழக்கறிஞர் ஆகமாட்டார். நீதியும் நேர்மையும் கண்மணியைப் போலக் காக்கப்பட வேண்டும். தன் கவனக்குறைவால் ஒரு வழக்கு தோற்றுப்போனால், கட்சிக்காரருக்கு வந்த நட்டம் முழுவதற்கும் வழக்கறிஞரே பொறுப்பு. வாதாடும்போது உண்மையும் மரியாதையும் அறிவார்ந்த நிதானமும் வேண்டும். இறுதியாக, அறிவு, உழைப்பு, உண்மை, நம்பிக்கைக்குரிய தன்மை, நீதி ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் ஒருவர் வழக்கறிஞர்.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பன்னிரண்டில் கடவுளிடம் மன்றாடச் சொல்வது ஒரே ஒரு விதிதான். மற்றவை பெரும்பாலும் காகிதம், நேரம், பணம், உண்மை ஆகியவற்றைப் பற்றியவை. செபம் செய்துவிட்டேன், ஆகவே கோப்பைப் படிக்காமல் போகலாம் என்று அவர் எண்ணவில்லை. கோப்பைப் படிப்பதே அவருக்குப் பிறரன்பின் செயலாக இருந்தது. கட்சிக்காரர் முகத்தில் கிறிஸ்துவைக் காண்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவருடைய பத்திரத்தை விசாரணை நாளின் காலையில் பிரித்துப் பார்ப்பவரை அவர் நல்ல கிறிஸ்தவர் என்று ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, தொழில் ஒழுக்கம் தவறுகிற வழக்கறிஞரை மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யவிடாமல் நிறுத்தலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். இது மக்களுக்குத் தேவையான பாதுகாப்பு. ஆனால் புகார் போகும் இடத்திற்குப் போகாத தவறுகள் எத்தனையோ உண்டு. கட்சிக்காரருக்கே தெரியாமல் தவறவிட்ட ஒரு நாள், வாசிக்காமல் விட்ட ஒரு பக்கம் ஆகியவற்றை யார் விசாரிப்பார்? அல்போன்ஸ் தம் மனச்சான்றையே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவாக ஆக்கிக்கொண்டார். இந்தக் குழுவின் முன் அவர் நிற்க வேண்டிய நாளும் வந்தது.

முதல் காகிதம்

1723ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரமே பேசிய ஒரு வழக்கு நடந்தது. கிரவீனாவின் கோமகனான ஒர்சீனி பிரபு ஒருபுறம், தொஸ்கானா நாட்டின் பெருங்கோமகன் மறுபுறம். அமத்ரீச்சே என்னும் நிலப்பகுதி யாருக்கு உரியது என்பதே கேள்வி. பல இலட்சம் டக்கட் மதிப்புள்ள சொத்து. ஒர்சீனி தரப்பில் வாதாடும் பொறுப்பு 26 வயதான அல்போன்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. வெகு காலம் உழைத்து, ஆவணங்களைத் திரும்பத் திரும்பப் படித்து அவர் தயாரானார்.

விசாரணை நாளில் அவருடைய வாதத்தைக் கேட்ட அனைவரும் வழக்கு வென்றது என்றே எண்ணினர். அவர் பேசி முடித்ததும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அமைதியாக ஓர் ஆவணத்தை அவர் முன் வைத்து, அதை மீண்டும் வாசிக்கச் சொன்னார். அது அல்போன்ஸ் பலமுறை வாசித்த ஆவணம்தான். ஆனால் அவர் கொண்ட பொருளுக்கு நேர்மாறான பொருளை அது தரக்கூடும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த நிலம் எந்த மரபுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது என்பதில் அவருடைய வாதம் முழுவதும் நின்றிருந்தது. அந்த ஒரு இடத்தில் அது சரிந்தது.

அந்த வேளையில் அவருக்கு முன் வேறு வழிகளும் இருந்தன. வாய்தா கேட்டிருக்கலாம். சொற்களைத் திருப்பிப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கலாம். பழியை உதவியாளர் தலையில் போட்டிருக்கலாம். அவர் எதையும் செய்யவில்லை. முகம் வெளுத்து, தாம் தவறாகப் புரிந்துகொண்டதாக எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். நீதிபதியும் நண்பர்களும் ஆறுதல் சொன்னார்கள். அதைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. உலகத்தை இன்று அறிந்துகொண்டேன், இனி நீதிமன்றம் என்னைக் காணாது என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டு வெளியேறினார். வீட்டிற்கு வந்து அறையைத் தாழிட்டுக்கொண்டவர், மூன்று நாட்கள் உணவு கொள்ளாமல் அழுதுகொண்டே இருந்தார் என்று வரலாறு சொல்கிறது.

பின்னாளில் இந்த வழக்கை ஆராய்ந்தவர்கள் சிலர், தீர்ப்பை முடிவுசெய்ததில் அரசியல் செல்வாக்குக்கும் பங்கு இருந்தது என்றும், அல்போன்ஸ் உண்மையில் அவ்வளவு பெரிய தவறு எதுவும் செய்யவில்லை என்றும் கருதுகிறார்கள். அப்படியும் இருக்கலாம். அவர் வெறுத்து ஒதுங்கியது தம் தோல்வியையா, நீதி விலைபோவதையா என்பது இன்றும் பேசப்படுகிற கேள்வி. எப்படியானாலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாம் செய்தது சிறு தவறாயினும் பெரிய தவறாயினும், அதை ஒளிக்க அவர் முயலவில்லை. கட்சிக்காரரின் நட்டத்துக்கு வழக்கறிஞரே பொறுப்பு என்று விதி எழுதியவர், அந்த விதி தம்மை நோக்கித் திரும்பியபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அந்தக் கண்ணீரில் மனவேதனை மட்டுமே இருந்தது என்று சொல்ல முடியாது. காயப்பட்ட பெருமையும் இருந்திருக்கும். புனிதர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே. ஆனால் அந்தக் காயத்தின் வழியாகத்தான் ஆண்டவர் உள்ளே நுழைந்தார்.

வாளை இறக்கி வைத்த நாள்

அதே 1723ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், வழக்கம்போல் அவர் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார். திடீரென்று தம்மைச் சுற்றி ஒளி சூழ்ந்ததாகவும், உலகை விட்டுத் தம்மிடம் வருமாறு ஆண்டவர் உள்ளத்தில் அழைப்பதாகவும் உணர்ந்தார். அங்கிருந்து மீட்பின் அன்னை ஆலயத்திற்குச் சென்று, பிரபுக்குலத்தாருக்குரிய தம் உடைவாளைக் கழற்றி அன்னையின் பீடத்தில் வைத்தார். மூத்த மகனுக்குரிய குடும்ப உரிமையையும் தம்பி எர்கொலேக்கு விட்டுக்கொடுத்தார்.

தந்தை ஜுசெப்பே நொறுங்கிப்போனார். மகனுக்கு நல்ல இடங்களில் சம்பந்தம் பார்த்து, பெரிய பதவிகளைக் கனவு கண்டவர் அவர். கெஞ்சினார், கோபப்பட்டார், பல நாட்கள் பேசாமலும் இருந்தார். நம் வீடுகளிலும் இறையழைத்தல் சில வேளைகளில் இப்படித்தான் வரவேற்கப்படுகிறது. ஆண்டுகள் கழித்து, ஒருநாள் ஆலயத்தில் மகனின் மறையுரையைக் கேட்க நேர்ந்த அந்தத் தந்தை மனம் உருகி, மகனிடம் மன்னிப்புக் கேட்டார்.

1726ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அல்போன்ஸ் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெரிய மனிதர்களின் வழக்குகளை நடத்தியவர், இப்போது நேப்பிள்ஸின் தெருவோர மக்களையும் கூலித் தொழிலாளிகளையும் மாலை வேளைகளில் கூட்டிச் செபிக்கவும் நற்செய்தி கற்கவும் வைத்தார். உடல்நலம் குன்றி ஓய்வுக்காக மலைப்பகுதிக்குச் சென்றபோது, அங்கிருந்த ஆட்டிடையர்களுக்குத் திருமறை சொல்லித்தர யாருமில்லை என்பதைக் கண்டார். 1732ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், ஸ்காலா என்னும் ஊரில், கைவிடப்பட்ட ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பதற்காக மீட்பர் சபையைத் தொடங்கினார். 1749ஆம் ஆண்டில் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அதற்கு ஒப்புதல் அளித்தார். இந்தச் சபையிடம்தான் 1866ஆம் ஆண்டில் உரோமை நகரில் சகாய அன்னையின் திருப்படம் ஒப்படைக்கப்பட்டது. புதன்கிழமைகளில் நம் பங்குகளில் நடக்கும் சகாய மாதா நவநாளுக்கும் நேப்பிள்ஸின் அந்த வழக்கறிஞருக்கும் உள்ள உறவு இதுவே.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரு வழக்கறிஞர்

நீதிமன்றத்தை விட்டு வந்த அல்போன்ஸ், தம் வழக்கறிஞர் மூளையை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. அது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் புதிய வேலை கண்டது.

அந்தக் காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தை அளித்த குருக்கள் பலர் மிகவும் கடுமையாக நடந்துகொண்டார்கள். மக்களுக்குப் பாவமன்னிப்பைத் தள்ளிப்போட்டார்கள். சந்தேகத்திற்கு இடமுள்ள எல்லாவற்றிலும் கடினமான கருத்தையே பின்பற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். இதனால் ஏழை மக்கள் நற்கருணையை விட்டே விலகிப்போனார்கள். இன்னொரு புறம், எதற்கும் ஒரு சாக்குக் கண்டுபிடித்து, பாவத்தைப் பாவமே இல்லை என்று ஆக்கியவர்களும் இருந்தார்கள். ஒருவரையொருவர் சாடிக்கொண்ட இந்த இரு தரப்புக்கும் நடுவில், ஒரு நல்ல வழக்கறிஞரைப் போல அல்போன்ஸ் கோப்புகளைத் திறந்தார். நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் கருத்துகளைப் படித்தார். ஒவ்வொரு சிக்கலிலும் இரு பக்கத்து நியாயங்களையும் எடைபோட்டார். ஒரு சட்டம் உண்டா இல்லையா என்பதில் இரு பக்கமும் சமமான நியாயம் இருந்தால், அந்தச் சட்டம் உறுதிப்படாதது, உறுதிப்படாத சட்டம் மனிதரைக் கட்ட முடியாது என்ற முடிவுக்கு வந்தார். உறுதியான சட்டத்தின் முன்போ விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை.

இந்த உழைப்பின் கனிதான் 1748ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த அறநெறி இறையியல் நூல். அவர் வாழ்நாளிலேயே அது ஒன்பது பதிப்புகளைக் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் அவர் திருத்தினார், சேர்த்தார், முன்பு சொன்னது சரியில்லை என்று தோன்றினால் வெளிப்படையாக மாற்றினார். நீதிமன்றத்தில் தவறை ஒப்புக்கொண்ட அதே மனிதர் அல்லவா! குருமடத்தில் இந்தப் பாடத்தைப் படித்தபோது இது வறண்ட பாடமாகவே எங்களில் பலருக்குத் தோன்றியது. ஆண்டுக்கணக்கில் தொட்டியில் அமர்ந்து, மனம் உடைந்து வருகிறவர்களின் குரலைக் கேட்ட பிறகுதான், அந்தப் பக்கங்கள் எத்தனை ஆன்மாக்களுக்காக எழுதப்பட்டவை என்பது எங்களுக்கு விளங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறரின் மனச்சான்றுக்கு அமைதி தந்த அவர், தம் சொந்த மனச்சான்றின் வீணான அச்சங்களால் வாழ்நாள் முழுவதும் வதைபட்டார். செய்யாத பாவத்தையும் செய்துவிட்டேனோ என்று நடுங்குவார். அப்போதெல்லாம் தம் ஆன்ம குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தே அவர் அமைதி பெற்றார். தன் வழக்கில் தானே நீதிபதியாகக்கூடாது என்பது அந்தப் பழைய வழக்கறிஞருக்குத் தெரிந்திருந்தது.

ஆயராக

1762ஆம் ஆண்டில், 65 வயதில், சாந்த் ஆகத்தா தெய் கோத்தி மறைமாவட்டத்தின் ஆயராகத் திருத்தந்தை 13ஆம் கிளமெண்ட் அவரை நியமித்தார். வயதையும் நோயையும் காட்டி மறுத்துப் பார்த்தார், முடியவில்லை. பதவியேற்றபின் மறைமாவட்டத்தைச் சுற்றிவந்து, குருக்களின் படிப்பையும் ஒழுக்கத்தையும் சீர்செய்தார். 1763, 1764ஆம் ஆண்டுகளில் நேப்பிள்ஸ் நாட்டைப் பெரும் பஞ்சம் தாக்கியபோது, தம் வண்டியையும் உடைமைகளையும் விற்று ஏழைகளுக்கு உணவளித்தார். 1768ஆம் ஆண்டில் வந்த கொடிய வாத நோயால் அவருடைய கழுத்து வளைந்து, தாடை மார்பில் அழுந்திப்போனது. அந்த நிலையிலும் பணியை விடவில்லை. 1775ஆம் ஆண்டில்தான் திருத்தந்தை 6ஆம் பயஸ் அவருக்கு ஓய்வு அளித்தார். பகானி என்னும் ஊரிலிருந்த தம் சபை இல்லத்திற்கு, சாவதற்காக என்று சொல்லித் திரும்பினார். ஆனால் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன.

இரண்டாம் காகிதம்

நேப்பிள்ஸ் அரசு அந்நாட்களில் துறவற சபைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1767ஆம் ஆண்டிலேயே இயேசு சபையினரை நாட்டை விட்டு அது துரத்தியிருந்தது. மீட்பர் சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் இருந்தும் அரசின் ஒப்புதல் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதைப் பெறும் வாய்ப்பு 1779ஆம் ஆண்டில் வந்தது. அல்போன்ஸ் தம் சபைக் குருக்களை நம்பி அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். அவர்கள் அரசு அதிகாரிகளோடு பேசி, சபை ஒழுங்கின் பல முக்கியப் பகுதிகளை மாற்றி எழுதிய ஒரு வரைவைக் கொண்டுவந்தார்கள்.

அப்போது அல்போன்ஸுக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. கண் மங்கியிருந்தது, காது கேட்கவில்லை, கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. நுணுக்கி எழுதப்பட்ட அந்தக் காகிதத்தை அவரால் வாசிக்க முடியவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பியவர்கள் சொன்னார்கள். அவர் ஒப்புதல் அளித்தார்.

1780ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசின் ஆணையோடு அது வெளிவந்தபோது சபையே அதிர்ந்தது. துறவற வார்த்தைப்பாடுகளும் பொது வாழ்வும் அதில் சிதைக்கப்பட்டிருந்தன. சபையைத் தொடங்கியவரே அதைக் குலைத்துவிட்டார் என்று, பெற்ற பிள்ளைகளைப் போன்றவர்களே அவரைக் குறை சொன்னார்கள். அவர் மௌனமாக அழுதார். தாமே வாசித்திருக்க வேண்டும் என்று வருந்தினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. திருத்தந்தையோ, மாற்றப்பட்ட ஒழுங்கை ஏற்ற நேப்பிள்ஸ் நாட்டு இல்லங்களைச் சபையிலிருந்து விலக்கி, திருத்தந்தையின் ஆட்சிப்பகுதியிலிருந்த இல்லங்களை மட்டுமே மீட்பர் சபையாக ஏற்று, அவற்றிற்கு வேறு தலைவரை நியமித்தார். இப்படியாக, அல்போன்ஸ் தாம் தொடங்கிய சபைக்கே வெளியே நிறுத்தப்பட்டார்.

சகோதரமே, சற்று நினைத்துப் பார்ப்போம். இளமையில் ஒரு காகிதத்தைத் தவறாக வாசித்ததால் நீதிமன்றத்தை இழந்தவர், முதுமையில் ஒரு காகிதத்தை வாசிக்க முடியாததால் தம் சபையை இழந்தார். முதல் முறை 26 வயதில், உலகத்தின் மேல் கசப்போடு வெளியேறினார். இரண்டாம் முறை 83 வயதில், அவருக்கு உண்மையாகவே அநீதி நேர்ந்தது. இப்போது கசப்பதற்குக் காரணம் அதிகம். ஆனால் அவர் திருத்தந்தையின் தீர்ப்பை இறைவனின் விருப்பமாக ஏற்றுக்கொண்டார், அவரைக் குறைகூற யாரையும் அனுமதிக்கவில்லை. தம்மை ஏமாற்றியவர்கள் மேலும் பகை வளர்க்கவில்லை. இந்த இரண்டு காகிதங்களுக்கும் இடையே ஓடிய 57 ஆண்டுகளில் இறையருள் அந்த மனிதரை எப்படி வனைந்திருக்கிறது என்பதை இங்கேதான் காண்கிறோம்.

பிளவு தீர்ந்து சபை மீண்டும் ஒன்றானது 1793ஆம் ஆண்டில். அதைக் காண அவர் இல்லை. 1787ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள், நண்பகல் மூவேளைச் செபத்தின் மணி ஒலித்த நேரத்தில், 91 வயது நிறைவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இருக்கையில், பகானியில் உயிர் நீத்தார். 1839ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1871ஆம் ஆண்டில் மறைவல்லுநர் என்று உயர்த்தியது. 1950ஆம் ஆண்டில் திருத்தந்தை 12ஆம் பயஸ், ஒப்புரவு அருட்சாதனம் அளிக்கும் குருக்களுக்கும் அறநெறி இறையியலாளருக்கும் அவரைப் பாதுகாவலராகத் தந்தார்.

நமக்கான பாடம்

நம் பங்குகளில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மருத்துவர்கள், செவிலியர், ஆசிரியர், கணக்கர், அரசு அலுவலர், வங்கி ஊழியர் இருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய மஞ்சள் பை நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஒரு பிள்ளையின் விடைத்தாள், ஒரு நோயாளியின் பரிசோதனைக் குறிப்பு, ஒரு விதவையின் ஓய்வூதிய விண்ணப்பம் எல்லாமே அந்தப் பைதான். அதைக் கவனமாகத் திறந்து வாசிப்பது, நாம் நினைப்பதைவிடப் பெரிய செபம். வாசிக்காமல் கையெழுத்திடும் பழக்கம், குருக்களாகிய எங்களையும் சேர்த்து, எல்லாரிடமும் இருக்கிறது. பங்குக் கணக்கிலும், திருமணப் பதிவேட்டிலும், பரிந்துரைக் கடிதத்திலும் நாங்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே.

தவறு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? மறைக்க வேண்டாம், பழியைத் தள்ள வேண்டாம், இயன்ற இழப்பை ஈடுசெய்வோம். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டால் போதும், மனிதருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டாம் என்று புனித அல்போன்ஸ் ஒருபோதும் கற்பிக்கவில்லை. அதேபோல், ஒரு தோல்வியோடு வாழ்வு முடிந்துவிட்டது என்று அறையைத் தாழிட்டுக்கொண்டிருக்கும் இளைஞர் யாராவது இதை வாசித்தால், அவருக்கும் ஒரு சொல்: அந்த அறைக்குள் மூன்று நாள் அழுதவர் மீண்டும் கதவைத் திறந்து, நோயாளிகளைப் பார்க்கப் போனார். ஆண்டவர் அவரை அங்கேதான் சந்தித்தார்.

மஞ்சள் பையோடு வரும் பெரியவருக்காக இந்த ஆகஸ்ட் 1ஆம் நாள் திருப்பலியில் செபிப்போம். அவருடைய வழக்கறிஞருக்காகவும் செபிப்போம்.

செபிப்போமாக: நீதியின் ஆண்டவரே, எங்களை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றைக் கவனத்தோடும் உண்மையோடும் கையாள எங்களுக்கு அருள்தாரும். தவறும்போது அதை ஏற்றுக்கொள்ளும் தாழ்ச்சியையும், பிறர் எங்களுக்குத் தவறிழைக்கும்போது மன்னிக்கும் மனத்தையும் தாரும். உமது தீர்ப்பு நாளில், உம் இரக்கத்தின் அன்னையும் புனித அல்போன்ஸும் எங்களுக்காகப் பரிந்து பேசுவார்களாக. ஆமென்.